தராசு தூங்கினால் கூலி எங்கே?

கொழுந்து நிறுக்கும் இடத்து வழக்கு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. பைக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கழித்த கணக்குகளும், எடை குறைந்த நாளில் 'அரைப்பேர்' போட்ட கதைகளும் எமது தாய்மாருக்கு மனப்பாடம். இப்போது அந்த இடத்துக்கு மின்தராசு வந்திருக்கிறது. அதோடு ஒரு கார்டும் வந்திருக்கிறது. (மலையிலே அட்டை என்றால் காலில் ஏறி இரத்தம் குடிப்பதுதான் நினைவுக்கு வரும். ஆகவே கார்டு என்றே எழுதுகிறேன்.) கொக்கியில் பையை மாட்டி, பெட்டியின் முகத்தில் கார்டைக் காட்டினால், ஆளின் இலக்கமும் எடையும் சேர்ந்து பதிவாகும். கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்கு வேலை இல்லை. இதை நான் எதிர்க்கவில்லை. பென்சில் செய்த அநியாயத்தை நான் அறிவேன். ஆனால் பெட்டிக்குள்ளும் ஒரு பென்சில் இருக்கிறது என்பதே என் பேச்சு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு, போஞ்சியும் கிழங்கும் போட்டு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் தாய், வேறொரு தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனார். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவருக்குத் தற்காலிகக் கார்டு ஒன்று கொடுத்தார்கள். மாதக் கடைசியில் அவர் மனக்கணக்குக்கும் கையில் கிடைத்த பணத்துக்கும் பொருந்தவில்லை. "சாமி, நான் காட்டினேன். எடை தெரிஞ்சிச்சி. ஆனா 'கீச்'ன்னு சத்தம் வரல. கேட்டா, 'தராசுல நம்பர் தெரியுதுல்ல, போ தாயி'ன்னு சொன்னாங்க" என்றார். விசாரித்தபோது யாரும் திருடவில்லை என்று தெரிந்தது. அந்தப் பிரிவுக்குரிய இலக்கத் தொடரை மட்டும் ஏற்கும்படி பெட்டி அமைக்கப்பட்டிருந்தது. தற்காலிகக் கார்டுகள் வேறு தொடரில் தொடங்கின. பெட்டி அவற்றை வாசித்தது, வாசித்துவிட்டுத் தள்ளியது.

இதைத்தான் வடிகட்டல் என்கிறார்கள். மாடு வைத்திருப்போருக்கு இது எளிதில் விளங்கும். மாட்டின் காதில் மாட்டும் மின்காதணிக்குச் சர்வதேச விதிப்படி பதினைந்து இலக்கம் உண்டு. முதல் மூன்றும் நாட்டைக் குறிக்கலாம்: இலங்கைக்கு 144, இந்தியாவுக்கு 356. ஆனால் காதணி செய்த கம்பெனியின் இலக்கத்தோடு, அதாவது 900க்கு மேற்பட்ட எண்ணோடு, தொடங்குவனவும் உண்டு. '144 மட்டும் போதும்' என்று வாசிக்கும் கருவிக்குச் சொல்லிவிட்டால், அதே கொட்டிலில் நிற்கும் 900-க்காரப் பசு அதன் கணக்கில் இல்லாத பசு. பால் கறக்கும், புல் தின்னும், ஆனால் பதிவில் இராது.

நிருவாகம் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். வடிகட்டாவிட்டால் பக்கத்துப் பிரிவுக் கார்டில் எடை ஏறும், இல்லாத ஆளின் பெயரில் கூலி போகும். உண்மைதான். அப்படியானால் தெரியாத கார்டைப் பெட்டியிலேயே எறிந்துவிடாமல், 'தெரியாதது' என்று குறியிட்டு எடையோடு சேமிக்கச் செய்யலாமே. சேமித்ததைக் காரியாலயத்தில் சரிபார்த்துத் திருத்தலாம். எறிந்ததை யாராலும் மீட்க முடியாது. தள்ளும்போது வேறு விதமாக நீண்ட சத்தம் எழுப்பும்படியும் அமைக்கலாம். அந்தத் தாய்க்கு அன்றே தெரிந்திருக்கும்.

இனித் தூக்கத்தின் கதை. கார்டுக்குள் பற்றறி இல்லை. பெட்டி வீசும் வானொலி அலையிலிருந்தே அது சக்தி பெற்றுத் தன் இலக்கத்தைச் சொல்கிறது. ஆகவே செலவு முழுவதும் பெட்டியின் பற்றறிக்கு. மலையிலே பிளக் பொயின்ட் ஏது? அலை வீசும்போது 100 மில்லி அம்பியர் இழுப்பதாக வைத்தால், 2000 மில்லி அம்பியர்-மணி பற்றறி 20 மணித்தியாலத்தில் தீரும். அதனால் பெட்டியைத் தூங்கவைத்து இடையிடையே எழுப்புகிறார்கள். அதில் தவறில்லை. எப்படித் தூங்க வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். இரண்டு விநாடி தூங்கி, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு விழித்தால், பதினொன்றில் ஒரு பங்கு நேரமே அலை வீசுகிறது. நல்ல சிக்கனம். ஆனால் மழைக்கு முன் வரிசையில் நிற்கும் பெண் ஒரு விநாடி காட்டிவிட்டுக் கையை எடுத்தால், அது தூங்கும் நேரமாக இருந்துவிடலாம். மாறாக, விநாடிக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் நூறில் ஒரு பங்கு விநாடி மட்டும் விழிக்கச் செய்தால், மொத்தம் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரந்தான் செலவு. கார்டு இருக்கிறதா என்று பார்க்க அவ்வளவு போதும். இருந்தால் முழுதாக விழித்து வாசிக்கும். பற்றறியும் மிஞ்சும், கையும் காத்திருக்காது. இன்னும் எளிய வழி, கொக்கியில் பாரம் ஏறியதும் பெட்டி விழிக்கும்படி செய்வது. நீண்ட தூக்கத்தை வைத்துவிட்டு, 'கார்டைச் சரியாகக் காட்டவில்லை' என்று பெண்களைக் குறை சொல்வது எனக்குக் கோபமூட்டுகிறது.

ஒரே கார்டு சில விநாடிகளுக்குள் மறுபடி வந்தால் கணக்கில் எடுக்காதே என்றும் ஒரு கட்டளை உண்டு. ஒரே பை இருமுறை பதியாதிருக்க அது தேவைதான். ஆனால் இரண்டு பை நிறையப் பறித்தவர் அடுத்தடுத்து மாட்டினால் இரண்டாவது பை காற்றோடு போகும். கொக்கி பூச்சியத்துக்குத் திரும்பி மறுபடி பாரம் ஏறினால் அது புதுப் பை என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணயச் சபையின் வழியே நாட்சம்பளம் 1350 ரூபாவாகவும், குறித்த அளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாவாகவும் தீர்மானிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஆறு கிலோ விடுபட்டால் 300 ரூபா. பெட்டியை அமைத்தவருக்கு அது ஒரு வரி. அடுப்பில் அது ஒரு வேளை அரிசி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குத் தப்பியவர்களும் சரி, அண்மையில் பாடசாலைத் தரையில் படுத்தவர்களும் சரி, புதிய இடத்தில் கடைசியாகப் பட்டியலில் சேர்பவர்கள். வடிகட்டியில் முதலில் தங்குபவர்களும் அவர்களே.

கென்யாவில் சிறு தேயிலைச் செய்கையாளரின் கொழுந்தை வாங்கும் கே.டி.டி.ஏ. நிறுவனம் மின்தராசைக் கொண்டுவந்தபோது, நிறுத்த இடத்திலேயே அச்சடித்த துண்டைக் கையில் கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தது. இங்கும் அதைக் கேட்கலாம். எந்த இலக்கத் தொடர்கள் ஏற்கப்படுகின்றன, தூக்கம் எத்தனை விநாடி, மறுபதிவுக்கு எவ்வளவு இடைவெளி என்பவற்றைத் தமிழில் எழுதிக் கொழுந்து மடுவத்துச் சுவரில் ஒட்டச் சொல்லலாம். மாதர் சங்கமோ தொழிற்சங்கத் தலைவரோ போய்க் கேட்டால் ஒரு தாளும் கொஞ்சம் பசையுமே செலவு.

அந்தத் தாய் இப்போது மகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை மடியில் வைத்திருக்கிறார். சத்தம் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு வட்டம், பக்கத்தில் எடை. சென்ற முறை காரியாலயத்துக்குப் போனபோது கிளாக்கர் ஐயா அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்து, நான்கு வட்டங்களுக்குக் காசு கொடுத்தாராம்.