பார்டரும் பவுண்டரியும்

ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் என் பேத்தி ஒரு நாள் கேட்டாள்: "தாத்தா, பார்டர், பவுண்டரி, பிரான்டியர், லிமிட் எல்லாம் ஒன்றுதானே?"

பாறசாலைக்குப் பக்கத்தில் செங்கலில் குடியிருப்பவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். (தமிழில் செங்கல் என்றால் சூளையில் சுட்டது, மலையாளத்தில் செங்கல்லு என்றால் மண்ணிலிருந்து வெட்டி எடுப்பது. எங்கள் ஊர்ப் பெயரே இப்படி.) கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

தமிழில் நாம் எல்லாவற்றையும் 'எல்லை' என்ற ஒரே சொல்லால் சமாளித்து விடுகிறோம். கான் அப்துல் கபார் கானை எல்லை காந்தி என்றோம். அது பிரான்டியர்: நாட்டின் முகப்பு, அப்பால் வேறு ஆட்சி. 1928-ல் பம்பாயிலிருந்து பெஷாவருக்கு ஓடத் தொடங்கிய பிரான்டியர் மெயிலை எந்த ரயில்வேக்காரன் மறப்பான்? பவுண்டரி என்பது அளந்து கல் நட்ட கோடு. அதற்கு அகலம் கிடையாது. லிமிட் என்பது வரம்பு. இரண்டு தண்டவாளங்கள் கூடுமிடத்தில் 'பவுலிங் மார்க்' என்று ஓர் அடையாளம் வைத்திருப்போம். அதைத் தாண்டி ஒரு வண்டி நின்றால் அடுத்த பாதையில் வரும் வண்டி அதில் இடித்துவிடும்.

பார்டர் வேறு. பிரெஞ்சில் விளிம்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. புடவைக்கு பார்டர் என்கிறோமே, அதை நம் பாட்டிமார் கரை என்றார்கள். மலையாளிகளின் முண்டுக்கும் 'கர' உண்டு. கரை என்பது துணியோடு சேர்த்தே நெய்தது. அதை வெட்டி எடுத்தால் புடவைதான் பாழ்.

1979-ல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில்பாதை திறந்தது. பாறசாலை தாண்டினால் மாநிலம் மாறும். வண்டி அதே வண்டிதான். அந்த ஆண்டே அமைந்த திருவனந்தபுரம் கோட்டத்தில் நாகர்கோவிலும் சேர்ந்திருந்தது.

ஆனால் நம்மவர் சிலர் பவுண்டரிக் கல்லை வீட்டுக்குள்ளேயே நட்டுக்கொண்டார்கள். "இந்தப் பக்கம் ஆகிவிட்டோம், பிள்ளைகள் தமிழ் பேசினால் போதாதா, எழுத்து எதற்கு?" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. மனு எழுத வீட்டில் ஆள் இல்லாவிட்டால் சட்டம் இருந்து என்ன பயன்? மலையாளத்தையும் நன்றாகப் படிக்கட்டும்; நான் இரண்டிலும் கையெழுத்திடுகிறவன். ஒன்றுக்காக மற்றொன்றை விடச் சொல்வதைத்தான் ஒப்பமாட்டேன்.

பேத்தியிடம் நான்கு சொற்களுக்கும் தமிழ் எழுதச் சொன்னேன். பார்டருக்கு எதிரே 'கறை' என்று எழுதியிருந்தாள். அதைத் திருத்த இன்னும் அரைமணி நேரம் ஆயிற்று.