ஆன்லைனில் படிப்பு ஏறாதென்று யார் சொன்னது?

கொரோனாவுக்குப் பின் பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் ஆசிரியர் அறையில் ஆன்லைன் வகுப்பு என்று பேச்செடுத்தால் போதும், தீர்ப்பு தயாராக வந்து விழுகிறது: "அதெல்லாம் சும்மா சார். ஆன்லைன்ல பாடம் நடத்தலாம், படிப்பு ஏறாது." பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சுதான். மழைக்கு விடுமுறை விட்டு, 'நாளை ஆன்லைன் கிளாஸ் உண்டு' என்று வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தால் அம்மாக்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அலுப்பு நியாயமானது. தீர்ப்பு தவறு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது தெரியும்.

"கொரோனாவுலதான் பார்த்துட்டோமே" என்பது முதல் காரணம். எதைப் பார்த்தோம்? 2020 செப்டம்பரில் கிராமப்புற இந்தியாவில் எடுக்கப்பட்ட அசர் கணக்கெடுப்பின்படி, நேரடி ஆன்லைன் வகுப்பு கிடைத்தது ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் பள்ளியிலிருந்து எந்தப் பாடப்பொருளும் வரவில்லை என்று சொன்ன குடும்பங்கள் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது பெரும்பாலான பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் தோற்கவில்லை. அவர்களுக்கு வகுப்பே நடக்கவில்லை. கிடைத்தவர்களில் பலருக்கும் வந்தது குரூப்பில் ஃபார்வர்டு செய்த ஒரு வீடியோவும் 'பக்கம் 42, பயிற்சி 3' என்ற வரியும்தான். நடக்காத வகுப்பின் தோல்வியை ஆன்லைன் மேல் எழுதிவிட்டோம்.

மீதிப் பேருக்கு நடந்தது என்ன? கரும்பலகைக்கு முன் நாற்பது நிமிடம் பேசியதைக் கேமராவுக்கு முன் நாற்பது நிமிடம் பேசினோம். "எல்லாரும் மியூட்ல போடுங்க" என்பதுதான் வகுப்பின் முதல் வாசகம். வகுப்பறையில் பலவீனமான பகுதியான பிரசங்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தோம். பலமான பகுதிகளை, அதாவது கேள்வி கேட்பதையும் நோட்டை எட்டிப் பார்ப்பதையும் முழிக்கிற பையனைக் கண்டுபிடிப்பதையும், பள்ளியிலேயே பூட்டிவிட்டு வந்தோம்.

அடுத்த காரணம் கவனம். திரைக்கு முன் பிள்ளைகளால் பத்து நிமிடம் உட்கார முடியாது என்கிறார்கள். நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டே இருக்கச் சொன்னால் முடியாதுதான், பெரியவர்களாலும் முடியாது. 2013இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்பூனர், கான், ஷாக்டர் என்ற மூன்று உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். புள்ளியியல் பற்றிய 21 நிமிட வீடியோ விரிவுரையை நான்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் ஒரு சாராருக்கு அந்தத் துண்டிலிருந்து சின்னத் தேர்வு, மறு சாராருக்கு இடையில் அது இல்லை. தேர்வு எழுதியவர்களின் மனம் அலைபாய்ந்தது மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான். அவர்கள் குறிப்பும் அதிகம் எடுத்தார்கள், கடைசித் தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். விரிவுரையும் அதே, திரையும் அதே. இடையிடையே கேள்வி கேட்டதுதான் வித்தியாசம். ஆய்வு சிறியது, கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. என்றாலும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லவைத்தால் படித்தது நிற்கும் என்பது உளவியலில் பலமுறை உறுதியான விஷயம். நம் பழைய திண்ணை வாத்தியாருக்கும் இது தெரியும். அவர் ஒப்பிக்கச் சொன்னது சும்மா இல்லை.

"முகம் தெரியாம எப்படி சார் நடத்துறது?" என்ற கேள்வியில்தான் பலரும் மடங்கிவிடுகிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில், கேமராவைப் போடு என்று அதட்டுவது. ஒற்றை அறை வீட்டில் பின்னால் பாட்டி படுத்திருக்கிறாள், கொடியில் துணி தொங்குகிறது. பத்தாம் வகுப்புப் பெண் கேமராவை ஏன் அணைக்கிறாள் என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. (கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். தன் தோற்றம் பற்றிய கூச்சம் அங்கேயும் முன்னணிக் காரணம்.) தவிர, வீடியோவைப் போட்டால் டேட்டா தீரும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ரீசார்ஜ் செய்த போன் அது, தம்பிக்கும் அதிலேதான் வகுப்பு.

சரி, முகம் தெரிந்தால்தான் என்ன தெரிந்துவிடும்? நேரடி வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம். "புரிஞ்சுது சார்!" என்று கோரஸ் வருகிறது. முதல் பெஞ்சிலிருந்து மூன்று பேர் தலையாட்டுகிறார்கள், நாம் அடுத்த கணக்குக்குப் போகிறோம். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதாகச் சொல்வது இவ்வளவுதான்.

இதையே ஆன்லைனில் வேறு மாதிரி செய்யலாம். ஏழாம் வகுப்பு தசமப் பின்னம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் கேட்கிறார்: 0.8, 0.35 இரண்டில் எது பெரிது? சாட் பெட்டியில் விடையைத் தட்டச்சு செய்யுங்கள், ஆனால் நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு, "இப்ப அனுப்புங்க." நாற்பது விடைகள் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. யாரும் யாரையும் பார்த்து எழுத வழியில்லை. கணிசமான பேர் 0.35 என்று போட்டிருப்பார்கள். முப்பத்தைந்து எட்டைவிடப் பெரியதல்லவா? அவர்கள் யார் யார் என்று பெயரோடு திரையில் இருக்கிறது. இனித்தான் வேடிக்கை. 0.8 என்று சரியாகப் போட்டவர்களிலும் சிலருக்குப் புரிந்திருக்காது. புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரிது என்று அவர்களாகவே ஒரு விதி வைத்திருப்பார்கள். அதனால் அடுத்த கேள்வி: 0.4, 0.75 இதில் எது பெரிது? இப்போது அந்த இரண்டாவது கூட்டம் 0.4 என்று மாட்டிக்கொள்ளும். முதலில் தப்பாகப் போட்டவர்கள் அதே தப்பான விதியை வைத்தே இதில் சரியாகப் போட்டுவிடுவார்கள். இரண்டு கேள்வி, நான்கு நிமிடம். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சிக்கல் என்று பிரித்துக் கையில் கிடைக்கிறது. கோரஸ் வகுப்பில் இது வருடம் முழுக்கக் கிடைக்காது.

நேரடி வகுப்பிலும் ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்து இதைச் செய்யலாமே என்றால், செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆன்லைனில் நாற்பது பேரின் விடையும் செலவில்லாமல் வருகிறது, பதிவாகவும் நிற்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

இதை ஒப்புக்கொள்பவர்களும் அடுத்து ஒரு முட்டுக்கட்டை போடுவார்கள்: "அதுக்கெல்லாம் நல்ல டூல்ஸ் வேணும் சார், நம்மகிட்ட எங்க இருக்கு?" பணம் இருக்கிற பள்ளிகளும் இதே நம்பிக்கையில்தான் ஸ்டூடியோ கட்டின, டிஜிட்டல் போர்டு வாங்கின, செயலிக்குச் சந்தா கட்டின. 2014இல் எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை அலசிய ஓர் ஆய்வு வந்தது. ஆறு நிமிடத்துக்கு மேல் வீடியோவை மாணவர்கள் பார்ப்பதில்லை என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்களே, அதே ஆய்வுதான். அதில் அதிகம் பேசப்படாத செய்தி வேறு. பெரிய செலவில் ஸ்டூடியோவில் எடுத்த வீடியோவைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியது மாணவர்களை அதிகம் பிடித்து வைத்தது. ஸ்லைடு ஓட்டுவதைவிடக் கையால் எழுதிக்கொண்டே விளக்கியது பிடித்து வைத்தது. நாலு புத்தகத்தை அடுக்கி, அதன் மேல் போனைக் கேமரா கீழே பார்க்கும்படி வைத்து, கீழே வெள்ளைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டும் ஆசிரியர் எதிலும் குறைந்துவிடவில்லை. மாணவர்கள் எவ்வளவு ஈடுபட்டார்கள் என்பதைத்தான் அந்த ஆய்வு அளந்தது, கற்றதை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கருவிகளும் நிலையில்லை. பலர் பழகி வைத்திருந்த கூகுளின் இணையக் கரும்பலகையான ஜாம்போர்டு 2024 இறுதியோடு மூடப்பட்டது. என்னைக் கேட்டால் ஒரு கருவிக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிள்ளையின் விடை ஆசிரியரிடம் திரும்பி வருகிறதா? 2018 முதல் தமிழகப் பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சாகிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இரண்டிலும் நல்ல பாடங்கள் உண்டு. ஆனால் பிள்ளை பார்த்ததா, பார்த்துப் புரிந்ததா என்று ஆசிரியருக்குத் தெரியாது. மூன்று கேள்விகள் கொண்ட ஒரு கூகுள் ஃபார்மை அதோடு சேர்த்தால் கதை மாறுகிறது. இணையம் மெதுவென்றால் விடையைச் சொல்லி ஒரு வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லலாம். ஒரு பிள்ளை தான் போட்ட கணக்கை வாயால் விளக்கும்போது எங்கே சறுக்குகிறது என்பது நோட்டில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும்.

இனி வருவது கனமான ஆட்சேபம்: ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது எட்டாது. பாதி உண்மை. கிராமப்புறத்தில் ஸ்மார்ட்போன் உள்ள வீடுகளில் படிக்கும் பிள்ளைகள் 2018இல் 36.5 சதவீதம், 2021இல் 67.6 சதவீதம் என்கிறது அசர். ஆனால் வீட்டில் போன் இருப்பதும் பிள்ளை கையில் போன் இருப்பதும் வேறு. போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரிதான் வீடு திரும்பும். பத்து மணிக்கு லிங்க் அனுப்பினால் யார் வருவார்கள்? இதற்கு விடை டேப்லெட் வாங்கிக் கொடுப்பது மட்டும் இல்லை என்பதை ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா காட்டியது. 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது சுமார் 4,500 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை எஸ்எம்எஸ்ஸில் எளிய கணக்குகள் மட்டும். இன்னொரு பகுதிக்கு எஸ்எம்எஸ்ஸோடு இருபது நிமிடம் ஆசிரியரிடமிருந்து போன். எஸ்எம்எஸ் மட்டும் வந்த பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் இல்லை. போனும் வந்த பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். பிறகு இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா, உகாண்டா என ஐந்து நாடுகளில் இதைச் செய்து பார்த்தபோதும் பலன் கிடைத்தது. ஸ்மார்ட்போன் வேண்டாம், நெட் வேண்டாம், பட்டன் போன் போதும். "இது ஆன்லைன் வகுப்பா சார்?" என்று சிலர் இழுப்பார்கள். பெயர் எதுவானாலும் இருக்கட்டும். பிள்ளை ஓர் ஊரிலும் ஆசிரியர் வேறோர் ஊரிலும் இருந்து படிப்பு ஏறியதா என்றால், ஏறியது.

படித்தவர்கள் ஒரு புள்ளிவிவரத்தையும் எடுத்து வீசுவார்கள்: இணையப் படிப்பில் சேருகிற நூறு பேரில் மூன்று பேர்தான் முடிக்கிறார்கள். எண் சரிதான். ஹார்வர்டு, எம்ஐடி நடத்திய திறந்த படிப்புகளில் 2017-18இல் முடித்தவர்கள் 3.13 சதவீதம். அதே ஆய்வில் பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம். பணம் கட்டினால் படிப்பு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, ஊக்கம் உள்ளவர்கள்தான் பணமும் கட்டியிருப்பார்கள். ஆனால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களையும் மாணவர் கணக்கில் சேர்த்து வகுத்தால் எந்தப் படிப்புக்கும் இந்தக் கதிதான்.

ஆன்லைன் தேர்வில் காப்பி அடிப்பார்கள் என்ற புகார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மதிப்பெண் போடும் தேர்வை நேரில் வையுங்கள், கற்பதற்கான தேர்வை ஆன்லைனில் வையுங்கள். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பில் பாடம் இணையத்தில், தேர்வு நேரில் மையத்தில்.

எதிர்த்தரப்பு சொல்வதில் எனக்கு மறுக்க முடியாததும் உண்டு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குத் திரை போதாது. பென்சில் பிடித்திருக்கும் விரலை ஒரு கை திருத்த வேண்டும். பள்ளிகள் மூடியிருந்ததால் வந்த இழப்பும் உண்மை. தமிழகக் கிராமப்புறத்தில் சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, 2021 டிசம்பரில் அவர்கள் கணக்கில் பெரிதும் பின்தங்கியிருந்ததைக் காட்டியது. பள்ளிகள் திறந்து ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. மீண்டதில் ஏறத்தாழ கால் பங்குக்கு தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் காரணம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. "பார்த்தீங்களா, நேர்ல வந்ததும்தான் சரியாச்சு" என்பார்கள். சரிதான், ஆனால் இல்லம் தேடிக் கல்வியில் என்ன நடந்தது? மாலையில், வீட்டுக்குப் பக்கத்தில், சின்னக் கூட்டத்தோடு ஒரு தன்னார்வலர் உட்கார்ந்தார். வகுப்பறை இல்லை, பலகை இல்லை, சில இடங்களில் ஒரு திண்ணைதான். கேள்வி கேட்க ஆள் இருந்தார், பதிலைக் கேட்கவும் இருந்தார். ஆன்லைனில் நாம் கொடுக்க மறந்ததும் அதைத்தான்.

கடைசியாக வருவது, நேரம். நாற்பது பேர் விடையை யார் பார்ப்பது, நாற்பது வீட்டுக்கு யார் போன் போடுவது என்று கேட்கிற ஆசிரியர் சோம்பேறி இல்லை. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றுவது முதல் எத்தனையோ வேலை அவர் தலையில் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிள்ளைக்கு வாரம் ஐந்து நிமிடம் என்றால் நாற்பது பேருக்கு 200 நிமிடம், ஐந்து வேலைநாளில் நாளுக்கு நாற்பது நிமிடம். ஒரு பாடவேளை. பாடத்தை விளக்கும் வீடியோ ஏற்கெனவே கியூஆர் குறியீட்டிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் இருக்கிறது. அதே பாடத்தை ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியாகத் திரையில் பேசித் தீர்க்கும் நேரத்தை இதற்கு எடுக்கலாம். அடுத்த மழை விடுமுறையில் கால அட்டவணை போடும் தலைமையாசிரியர், லிங்க் அனுப்பியதை எழுதுகிற இடத்தில் யாருக்குப் போன் போட்டோம், அந்தப் பிள்ளை என்ன விடை சொன்னது என்று எழுத ஒரு கட்டம் ஒதுக்கட்டும்.