செத்த மாட்டைப் பற்றியும் பேசுவோம்

மழை பொய்த்த ஆண்டில் சோளப்பயிர் வாடி நிற்கும். பிறகு ஒரு தூறல் விழுந்ததும் அடித்தூரிலிருந்து இளங்குருத்து துளிர்க்கும். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் மாடு முதலில் வாய் வைப்பது அதில்தான். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும், தள்ளாடும், விழும். தருமபுரிப் பக்கம் கால்நடை உதவி மருத்துவராக வேலை பார்க்கிறேன். "டாக்டரம்மா, சோளக்கொல்லையில மாடு விழுந்துடுச்சு" என்று போன் வந்தால் வேறு எதையும் கேட்காமல் வண்டியை எடுத்துவிடுவேன்.

ஆனால் சோளக்கொல்லையில் விழும் மாடுகளுக்கெல்லாம் ஒரே நஞ்சு அல்ல. இளங்குருத்தில் இருப்பது சயனைடு. அதே பயிருக்கு யூரியாவை அள்ளி வைத்து, பிறகு வறட்சியும் அடித்தால் தண்டில் நைட்ரேட் சேர்ந்துவிடும். இரண்டிலும் மாடு மூச்சுக்குத் தவிக்கும். சயனைடுக்குப் பாடநூல் சொல்வது சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும். நைட்ரேட் தின்ற மாட்டுக்கு அந்த நைட்ரைட்டைப் போட்டால் இருக்கிற உயிரும் போய்விடும். அதற்கு வேண்டியது மெத்திலீன் புளூ. ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க நேரம் கிடையாது.

ஓய்வுபெற்ற மூத்த மருத்துவர் ஒருவர் எனக்கு இதைப் போனிலேயே சொல்லிக்கொடுத்தார். "ஊசி குத்தினதும் ரத்தத்தோட நிறத்தைப் பாரும்மா. செக்கச்செவேல்னு இருந்தா சயனைடு. டிகாக்‌ஷன் மாதிரி இருந்தா மெத்திலீன் புளூ. ஆனா மாடு விழுந்து நேரமாயிட்டா சயனைடுலயும் ரத்தம் கறுத்துடும், அப்ப நிறத்தை நம்பாதே. சந்தேகமா இருந்தா தயோசல்பேட்டை மட்டும் போடு." பிலிம் காலத்தில் மருந்து கையில் இல்லாதபோது போட்டோ ஸ்டுடியோவிலிருந்து ஹைப்போவை வாங்கி, தண்ணீரில் கரைத்து வாய்வழியாக ஊற்றியிருக்கிறார். ஹைப்போ என்பதும் சோடியம் தயோசல்பேட்தான். எந்த ஊர் ஏரிக்கரையில் எந்த மாதம் இப்படி மாடு விழும் என்பதையும் அவர் வரிசையாகச் சொன்னார்.

அவர் வேலை பார்த்த காலத்துப் பதிவேட்டில் இதே மாடுகள் "நஞ்சு, சிகிச்சை அளிக்கப்பட்டது" என்ற அளவில் நிற்கின்றன. அவர் போனை எடுக்கும்வரை அந்த அனுபவம் எனக்கு உண்டு. எடுக்காத நாளில்? அவரை அறியாத பக்கத்து ஒன்றியத்து மருத்துவருக்கு?

எங்கள் மாத அறிக்கைகளில் எண்களே இருக்கின்றன: செயற்கைமுறைக் கருவூட்டல் இத்தனை, குடற்புழு நீக்கம் இத்தனை, தடுப்பூசி இத்தனை. அவை தேவைதான். ஆனால் எந்த மாடு எதனால் செத்தது, என்ன கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்பதற்கு அதில் இடமே இல்லை. காப்பீட்டுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்கிறோம்; வயிற்றைத் திறந்து கண்டது அத்தனையும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது, அடுத்த மருந்தகத்து மருத்துவருக்குப் போவதில்லை. மருத்துவர்கள் சந்திக்கும்போது பேசுவதும் பெரும்பாலும் பிழைத்த மாடுகளைப் பற்றித்தான். செத்தவற்றிலிருந்துதான் கற்க வேண்டியது அதிகம்.

முழுதாகப் புரியாத கேஸை எப்படி எழுதுவது என்று இளைய மருத்துவர்கள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். கன்று ஈன்ற மாடு படுத்துக்கொண்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடக்கும் பால் காய்ச்சலுக்கு இன்று கால்சியத்தை நரம்பில் ஏற்றுகிறோம். பெரும்பாலான மாடுகள் எழுந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் அதில் விழுந்த மாடுகளில் பாதிக்கு மேல் செத்தன. டென்மார்க்கின் கோல்டிங் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஷ்மிட், மடியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று நம்பி, பொட்டாசியம் அயோடைடு கரைசலை மடிக்குள் செலுத்திப் பார்த்தார். மாடுகள் பிழைத்தன. 1897-இல் அதை வெளியிட்டார். அவர் சொன்ன காரணம் தவறு. ஆனால் படித்த மற்ற மருத்துவர்கள் தங்கள் ஊர்களில் செய்து பார்த்து, மருந்தே வேண்டாம், மடிக்குள் காற்றை அடைத்தாலே போதும் என்று கண்டார்கள். மடி இறுகியதும் பால் சுரப்பது நின்று, உடம்பிலிருந்து கால்சியம் வெளியேறுவதும் நின்றது. ரத்தத்தில் கால்சியம் குறைவதே நோய் என்று ஸ்காட்லாந்தில் ட்ரையரும் கிரெய்க்கும் விளக்கியது 1925-இல்தான். காரணம் தெரியட்டும் என்று ஷ்மிட் வாய்மூடி இருந்திருந்தால் இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும் மாடுகள் செத்துக்கொண்டே இருந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஒவ்வொரு மருந்தகமும் மாதம் ஒரு கேஸை ஒரு பக்கத்தில், தமிழில் எழுத வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில் இலக்குகளைப் பேசும் முன் அரை மணி நேரம் அவற்றைப் பேச வேண்டும். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவரும் உடனிருந்தால் நல்லது. இரண்டு மருந்தகங்களை ஒருவரே பார்க்கும் இடங்கள் உண்டு. வேலைப்பளு எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தடை பயம். செத்த மாட்டைப் பற்றி எழுதினால் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். இப்படி எழுதியவர் மீது அதை வைத்து நடவடிக்கை இல்லை என்று துறை எழுத்தில் உறுதி தர வேண்டும். ஐம்பது, அறுபதாயிரம் கடன் வாங்கிக் கறவை மாடு பிடித்த குடும்பத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

தை மாதத்திலேயே தொடங்கலாம். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் எந்த மருந்தகத்துக்குப் போனாலும், அன்பு மிகுந்து அண்டா அண்டாவாகப் பொங்கல் ஊட்டப்பட்ட மாடுகள் வயிற்றில் அமிலம் ஏறி, அசைபோடாமல் நிற்கும். தின்று எத்தனை மணி நேரம் கழித்து மருத்துவர் பார்த்தார், சோடா உப்பு எவ்வளவு கொடுத்தார், வயிற்றைத் திறந்து சோற்றை எடுக்க எப்போது முடிவு செய்தார், எந்த மாடு எத்தனையாம் நாள் செத்தது? அடுத்த வாரக் கூட்டத்தில் உதவி இயக்குநர்கள் இந்த நான்கையும் கேட்கட்டும். பதில்களைத் தொகுத்து, மார்கழி பிறப்பதற்குள் எல்லா மருந்தகங்களுக்கும் அனுப்பட்டும்.