சம்பளம் இல்லாத சமையல்காரர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் வீட்டில் மடிக்கணினி இருக்கிறது. 2011-ம் ஆண்டு முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்தது.

தொடக்கத்தில் வந்தவற்றில் "விண்டோஸ்" இருந்தது. கூடவே "பாஸ் லினக்ஸ்" என்று ஒன்றும் இருந்தது. அதைப் பலர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பாவம், விலையில்லாப் பொருள்!

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் அதைச் சென்னையில் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. அதற்கு அடித்தளம் "டெபியன்". 1993-ல் தொடங்கிய உலகத் தொண்டர் கூட்டம் அது. அங்கே அறுபதாயிரத்துக்கும் அதிகமான மென்பொருள் பொட்டலங்கள் உள்ளன. யாரும் எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது.

காசு கிடையாது என்றால் வேலையும் கிடையாதா?

சமையல் குறிப்பு

அரிசியும் பருப்பும் வாங்கி வைத்தால் சாப்பாடு ஆகிவிடுமா? உலையில் ஏற்ற வேண்டும் அல்லவா? மென்பொருளும் அப்படித்தான். மனிதன் எழுதியதை எந்திரம் புரிந்துகொள்ளும்படி மாற்ற வேண்டும். எதை முதலில் போடுவது, எதற்கு எது துணை, வெந்ததை எங்கே இறக்குவது என்று வரிவரியாக எழுதி வைப்பார்கள். அதுதான் "பில்ட் ஸ்கிரிப்ட்". கம்ப்யூட்டர் அதைப் பார்த்துச் சமைத்துக்கொள்ளும்.

ஒரு தடவை எழுதினால் போதாது. புதுப் பதிப்பு வரும். துணைப் பொருள் மாறும். நேற்று பதமாக வெந்தது இன்று அடிபிடிக்கும். எந்த வரியில் கோளாறு என்று ஒருவர் உட்கார்ந்து தேட வேண்டும். டெபியனில் இதைச் செய்பவர்களில் மிகப் பலர் சம்பளம் வாங்காதவர்கள்.

அரை வினாடி

"எக்ஸ்-இசட்" என்பது கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் சிறிய மென்பொருள். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இருக்கும். அதை வருடக்கணக்கில் ஒருவரே சம்பளமின்றிக் கவனித்தார். களைத்துப் போனார்.

உதவிக்கு "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் வந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்தார். பொறுப்பு கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் வேலையைக் காட்டினார்! சமையல் குறிப்பில் சில வரிகளை நுழைத்தார். சமைக்கும்போது, திருடன் நுழையப் பின்கதவு ஒன்றும் சேர்ந்து வெந்தது. அவர் யார் என்பது இன்றும் மர்மம்.

ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற என்ஜினீயர் கம்ப்யூட்டருக்குள் நுழையும்போது, வழக்கத்தைவிட அரை வினாடி தாமதம் ஆயிற்று. வேறொருவர் என்றால் விட்டிருப்பார். அவர் துருவினார். மார்ச் 29-ந் தேதி உலகத்துக்குச் சொன்னார். சோதனைப் பதிப்புகளைத் தாண்டி ஊரெல்லாம் பரவும் முன்பே கதவு அடைக்கப்பட்டது.

தனி ஆள் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றியது யார்? இலவசமாக எடுத்துக்கொண்ட கம்பெனிகளும் அரசாங்கங்களும்தான்.

அளக்காத நெல்

கண்மாய் நிறைந்த புதுக்கோட்டைச் சீமைக்கு இது புரியும். கண்மாய் வெட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். மடை திறந்து அடைப்பவர் பெயர் இருக்காது. ஆனாலும் அறுவடையில் ஊரார் அவருக்கு நெல் அளந்தார்கள்.

மடிக்கணினிக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கிய அரசு, அதில் ஒரு துளியை ஒதுக்கிப் பத்துப் பேரை இந்த வேலைக்கு வைக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளைப் பழக்கலாம். கவனிப்பார் இல்லாத பொட்டலங்களின் பட்டியல் ஒன்று டெபியனில் இருக்கிறது. "அநாதை" என்றே அவற்றுக்குப் பெயர்! ஒன்றைத் தத்தெடுக்க டிகிரி கேட்பதில்லை. சாதாரண மடிக்கணினியே போதும்.