கல்லென்று அவர்களுக்கும் தெரியும்

பழங்கால மக்களுக்குக் கடவுளுக்கும் கட்டைக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் சிலையைக் கும்பிட்டார்கள் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். சான்றுகளைப் புரட்டிப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

சிலையைத் தெய்வமாக்க மெசொப்பொத்தேமியாவில் நடந்த ‘வாய் கழுவும்’ சடங்கையே எடுத்துக்கொள்வோம். நினிவேயிலும் பாபிலோனிலும் கிடைத்த களிமண் பலகைகள் அதைப் படிப்படியாக விவரிக்கின்றன. சிலை செய்தவர்களின் கைகளைத் துணியால் கட்டி, மரக்கத்தியால் வெட்டுவதுபோல் பாவனை செய்வார்கள். இதை நான் செய்யவில்லை, என் தொழிலுக்குரிய தெய்வமே செய்தது என்று அவர்கள் ஆணையிட வேண்டும். மனிதக் கை செய்தது என்று தெரியாதவர்களுக்கு இந்த ஆணை எதற்கு? இந்தச் சடங்கால் வாய் திறக்கப்படாத சிலை தூபத்தை முகராது, உணவு உண்ணாது என்றும் அவர்களே எழுதிவைத்தார்கள்.

அதே மெசொப்பொத்தேமியாவின் சிப்பார் நகரில் சூரியக் கடவுள் ஷமாஷின் சிலை படையெடுப்பில் தொலைந்தது. உடனே வேறொன்றைச் செதுக்கி வைத்துவிடவில்லை. அசல் உருவம் தெரியாததால், சூரியத் தட்டு ஒன்றை வைத்து வழிபட்டார்கள். கி.மு. 9ஆம் நூற்றாண்டில், நபு-அப்லா-இத்தினா மன்னர் காலத்தில், பழைய உருவம் பதிந்த சுடுமண் மாதிரி கிடைத்த பிறகே பொன்னாலும் நீலக்கல்லாலும் புதிய சிலை எழுந்தது. இதைப் பொறித்த கல் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பொருள் எப்போது புனிதமாகிறது, யார் அதை உருவாக்கலாம், எந்த வடிவம் செல்லும் என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களை அறியாதவர்கள் என்பது அநியாயம். அவர்களது நம்பிக்கையை மறுக்க எவருக்கும் உரிமை உண்டு; மறுப்பவர் முதலில் அதைப் படித்துவிட்டு வரட்டும்.