கறுப்புக் கால்சட்டையை யாரும் பார்க்கவில்லை

எங்கள் ஊர்ப் படிப்பகத்துச் சுவரில் அண்ணல் அம்பேத்கர், தந்தை பெரியார் படங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக், ஆண்களுக்கான 200 மீட்டர் பதக்க மேடை. டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தித் தலை குனிந்து நிற்கிறார்கள். உங்களில் பலரிடம் கைப்பேசியிலோ டி-ஷர்ட்டிலோ அந்தப் படம் இருக்கும். நானும் அந்த டி-ஷர்ட்டைக் கிழியும்வரை போட்டவள்தான்.

படிப்பகத்தின் மாலை வகுப்புக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாவட்டப் போட்டிகளில் 100 மீட்டர் ஓடுகிறவள், ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அக்கா, அந்த ஒலிம்பிக்ஸ்ல கறுப்பினப் பொண்ணுங்க யாரும் ஓடலையா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பீட்டர் நார்மன் பெயர்கூடத் தெரியும். இரண்டாவதாக வந்த அந்த வெள்ளை ஆஸ்திரேலியர், மனித உரிமைச் சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு மேடையில் நின்றதற்காகப் பட்ட துன்பத்தைப் பற்றி ஒரு கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர்கூட எனக்குச் சொல்ல வரவில்லை.

தேடியபோது கிடைத்த பெயர் வயோமியா டையஸ்.

அவர் 100 மீட்டரில் தங்கம் வென்றது 1968 அக்டோபர் 15. ஸ்மித்தும் கார்லோஸும் கை உயர்த்தியது அக்டோபர் 16. அதாவது அந்தப் படத்துக்கு முந்தைய நாள். 1964 டோக்கியோவிலும் இதே 100 மீட்டரில் தங்கம் அவருக்குத்தான். அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கத்தைத் தக்கவைத்த முதல் மனிதர் அவர். முதல் பெண் என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதுவரை ஆண்களிலும் யாரும் அதைச் செய்ததில்லை. ஒரு ஆண் அதைச் செய்ய இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. 1988இல் கார்ல் லூயிஸ், அதுவும் முதலில் வந்த பென் ஜான்சன் ஊக்கமருந்து சோதனையில் சிக்கித் தகுதி இழந்த பிறகு.

கார்ல் லூயிஸை நமக்குத் தெரியும். உசைன் போல்ட்டைத் தெரியாத குழந்தை இல்லை.

டையஸ் 1945இல் ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பால் பண்ணைத் தொழிலாளி, அம்மா சலவைக் கடையில் வேலை பார்த்தவர். மூன்று அண்ணன்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண். நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, ஆனால் அது வெள்ளையர் பிள்ளைகளுக்கு. கறுப்பினப் பிள்ளைகள் பேருந்தில் ஒரு மணி நேரம் போக வேண்டும். ஊர்த்தெருவில் ஒரு பள்ளியும் சேரிக்கு வேறொரு பள்ளியும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 14 வயதில் அவர்கள் வீடு எரிந்துபோனது. அடுத்த ஆண்டு அப்பா இறந்தார். அந்த நாட்களில்தான் எட் டெம்பிள் என்ற பயிற்சியாளர் கண்ணில் அவர் பட்டார்.

டெம்பிள் கறுப்பினத்தவருக்கான டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் ‘டைகர்பெல்ஸ்’ என்ற பெண்கள் தடகள அணியை நடத்தியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற வில்மா ருடால்ஃப் அங்கிருந்து வந்தவர்தான். தெற்கு மாநிலங்களின் வழியே போட்டிக்குக் காரில் போகும்போது வழியோர உணவகங்களில் அவர்களுக்கு இடமில்லை. கழிப்பறை இல்லாமல் வயல்வெளிக்குப் போக வேண்டும். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, பல்கலைக்கழகத்திலேயே தினமும் வேலை செய்துதான் படிப்புச் செலவைக் கழிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து 40 பேரை ஒலிம்பிக்குக்கு அனுப்பினார் டெம்பிள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, கிட்டத்தட்ட அத்தனை பேரும் பட்டம் வாங்கியே வெளியே வந்தார்கள் என்பது.

அதே டெம்பிளின் இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன். ஓடி முடித்ததும் தலைவாரி, உதட்டுச்சாயம் பூசி, பார்க்க ‘பெண்ணாக’த்தான் பத்திரிகைப் படத்துக்கு நிற்க வேண்டும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் அவர் பயம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. வேகமாக ஓடும் பெண் உண்மையில் பெண்தானா என்று கேட்ட காலம் அது.

வெறும் பேச்சாக அது நிற்கவில்லை. டோக்கியோவில் டையஸுக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தவர் போலந்தின் ஏவா குவொபுகோவ்ஸ்கா. 4x100 தொடர் ஓட்டத்தில் டையஸின் அணியை வெள்ளிக்குத் தள்ளித் தங்கம் வென்ற போலந்து அணியிலும் அவர் இருந்தார். 1967இல் ‘பாலினச் சோதனை’யில் தோற்றதாகச் சொல்லி அவரைத் தடகளத்திலிருந்தே விலக்கினார்கள், சாதனைகளை அழித்தார்கள். அடுத்த ஆண்டு மெக்சிகோவில் பெண் வீரர்களுக்கு இந்தச் சோதனை வைக்கப்பட்டது. ஆண்களுக்கு அப்படி எதுவும் இல்லை. நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளியை இதே பெயரால்தான் பறித்தார்கள். குவொபுகோவ்ஸ்காவின் ஒலிம்பிக் பதக்கங்களை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சாந்தியின் பதக்கம் இன்றுவரை திரும்பவில்லை.

மெக்சிகோவுக்கு வருவோம். ஒலிம்பிக்குக்கு முன்பே ஹாரி எட்வர்ட்ஸ் தலைமையில் ‘மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டம்’ என்ற இயக்கம் கிளம்பியிருந்தது. கறுப்பின வீரர்கள் ஒலிம்பிக்கையே புறக்கணிக்க வேண்டுமா, போய் அங்கே எதிர்ப்பைக் காட்ட வேண்டுமா என்று மாதக்கணக்கில் விவாதம். அந்த விவாதத்தில் பெண்களை யாரும் ஒரு பொருட்டாகக் கேட்கவில்லை. ஆண்கள் முடிவெடுத்தால் பெண்கள் பின்னால் வந்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். இது தன்னை அதிர வைத்தது என்று டையஸ் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

கேட்கவில்லை என்பதற்காக அவர் சும்மா இருக்கவும் இல்லை. அமெரிக்க அணியின் சீருடை வெள்ளைக் கால்சட்டை. டையஸ் கறுப்புக் கால்சட்டை அணிந்து 100 மீட்டர் இறுதிக்கு வந்தார். மனித உரிமைப் போராட்டத்துக்குத் தன் பங்கு அது என்று பிறகு விளக்கினார். தொடங்குமிடத்துக்குப் பின்னால் நின்று, மற்றவர்கள் பதற்றத்தில் உறைந்திருக்க, அன்றைக்கு அமெரிக்காவில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த ஒரு பாட்டுக்கு ஆடிக் கைகாலைத் தளர்த்திக்கொண்டார். பிறகு 11.08 விநாடியில் உலக சாதனை.

உலகமே பார்த்த ஓட்டம். கால்சட்டையின் நிறத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஸ்மித்தையும் கார்லோஸையும் இரண்டே நாளில் அணியிலிருந்து நீக்கி அனுப்பிவிட்டார்கள். வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பது எல்லா வீரருக்கும் தெளிவாகத் தெரிந்த பிறகுதான், அக்டோபர் 20 அன்று, பெண்களுக்கான 4x100 தொடர் ஓட்டம். பார்பரா ஃபெரல், மார்கரெட் பெய்லஸ், மில்ட்ரெட் நெட்டர், கடைசியாக டையஸ். 42.8 விநாடி, மறுபடியும் உலக சாதனை. அந்தப் பதக்கங்களை ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் காணிக்கையாக்குவதாகப் பத்திரிகையாளர்களிடம் டையஸ் அறிவித்தார். தங்களிடம் ஒரு வார்த்தை கேட்காதவர்களுக்காக அந்தப் பெண்கள் பேசினார்கள்.

“மேடையில் நின்று கை உயர்த்தியதும் கால்சட்டை மாற்றியதும் ஒன்றா?” என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். ஒன்றில்லைதான். ஸ்மித்தும் கார்லோஸும் கொடுத்த விலை பெரிது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கேள்வி எது பெரிது என்பதல்ல. கூட்டாகத் திட்டமிடும் இடத்துக்கே அழைக்கப்படாத ஒருவர், தன் கைக்கு எட்டியதை வைத்துத் தனியாகச் செய்தார். அவர் ஏன் மேடையில் செய்யவில்லை என்று கேட்பதற்கு முன், அவரை ஏன் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை என்று கேட்க வேண்டாமா?

கறுப்பின மக்களின் போராட்டத்தை நம்முடையதோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அங்கிருந்து எடுத்தது. எடுத்துக்கொள்ளும்போது அவர்களுடைய மறதியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோமோ என்பதுதான் என் சந்தேகம். ஒரு ஆணவக்கொலைக் கண்டன ஆர்ப்பாட்டத்துக்கான ஆலோசனைக் கூட்டம் முடிந்த பிறகு, “பெண் தோழர்கள் முன்வரிசையில் நிற்கணும், படம் நல்லா வரும்” என்ற வாட்ஸ்அப் செய்தி வழியாகத்தான் அப்படி ஒரு கூட்டம் நடந்ததே எனக்குத் தெரியவந்தது. போய் நின்றேன். இன்றும் கூப்பிட்டால் போவேன். அந்தச் செய்தியை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.

மெக்சிகோவுக்குப் பின் டையஸ் ஓட்டத்தை நிறுத்தினார். 1973இல் தொழில்முறைப் போட்டிகளில் கொஞ்ச காலம் மறுபடி ஓடினார். 1974இல் பில்லி ஜீன் கிங்கோடு சேர்ந்து பெண்கள் விளையாட்டு அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் இயற்கையைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. தன் கதையை அவர் புத்தகமாக வெளியிட்டது 2018இல், மெக்சிகோ முடிந்து 50 ஆண்டுகள் கழித்து.

மாணவிக்கு இதையெல்லாம் சொன்னேன். அவளுக்குப் பிடித்தது ஓட்டத்துக்கு முன் ஆடியதுதான். அவளுடைய பி.டி. சார் பந்தயத்துக்கு முன் சிரித்தாலே திட்டுவாராம்.

டையஸ் ஓடும் படம் ஒன்றை ஏ4 தாளில் அச்செடுத்துப் படிப்பகத்துக்குக் கொண்டுபோனேன். சுவரில் இடமில்லை என்றார் ஒருவர். அந்த இரண்டு பேர் படத்துக்குக் கீழே சின்னதாக ஒட்டலாம் என்றார் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு நான் போகிறேன், அவளையும் கூட்டிக்கொண்டு.