எந்தப் படத்துப் பாட்டு?

சென்ற மாதம் ஒரு காதுகுத்து விசேஷத்துக்காகக் குண்டடம் போயிருந்தேன். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் இருக்கிற ஊர். விருந்து முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு பையன். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தினமும் கம்பெனி வேனில் போய் வருகிறவன். அவன் போட்டிருந்த டி-ஷர்ட்டில் ‘கிரீன் டே’ என்று எழுதியிருந்தது.

“இது யாருன்னு தெரியுமா தம்பி?” என்று கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டேன். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சமாக வாங்கியிருப்பான், என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்பது என் நினைப்பு.

“தெரியுமுங்க. அமெரிக்கா பேண்டுங்க, மூணே பேருங்க. எல்லாப் பாட்டும் கேட்டிருக்கேனுங்க” என்றான். என் கிண்டல் அங்கேயே செத்தது. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு செல்போனில் ஒரு பாட்டைப் போட்டான். கிடார் தடதடக்கிறது. தமிழில்தான் பாடுகிறார்கள். விடிகாலையில் வந்து ஹாரன் அடிக்கிற கம்பெனி வேனைப் பற்றிய பாட்டு.

“நல்லாருக்கே, எந்தப் படம்?” என்று கேட்டேன்.

“படமெல்லாம் இல்லீங்க. சும்மா நாங்களே பாடுனதுங்க. மொத்தம் நாலு பாட்டுங்க” என்றவன், போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மீதி மூன்று பாட்டை நான் கேட்கவே இல்லை. வேன் வந்துவிட்டது. போய்விட்டான்.

அந்த ‘சும்மா’ என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னது அவனாக இருக்கலாம். சொல்ல வைத்தது நான்தான். நீங்களும்தான்.

ஒரு பாட்டு காதில் விழுந்தவுடன் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? யார் எழுதியது, யார் பாடியது என்பதெல்லாம் அப்புறம். எந்தப் படம், அதுதான் முதல். படம் இல்லை என்றால் அந்தப் பாட்டுக்கு ரேஷன் கார்டு இல்லை. சினிமா நம் காதுகளை நூறு வருஷக் குத்தகைக்கு எடுத்த மாதிரியும், நாம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட மாதிரியும் நடந்துகொள்கிறோம்.

நான் பி.காம் படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். திருப்பூர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். சினிமாப் பாட்டு என்பது ஜாப் ஒர்க். டிசைன் ஒருத்தருடையது, அளவு ஒருத்தருடையது. ஹீரோ மலையுச்சியில் ஆடுகிறாரா, கல்யாண மண்டபத்தில் அழுகிறாரா என்று டைரக்டர் சொல்ல, அதற்குத் தைத்துக் கொடுக்கிறார் இசையமைப்பாளர். அதில் இளையராஜா போன்ற மேதைகள் செய்திருப்பது உலகத்தரமான வேலை. மறுக்கவில்லை. ஆனால் அதே ராஜாதான் 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று படமே இல்லாமல் ஒரு ஆல்பம் போட்டார். எவ்வளவு பெரிய ஜாப் ஒர்க் செய்தவருக்கும் சொந்த பிராண்டு ஒன்று வேண்டியிருக்கிறது.

நாலைந்து பாட்டோடு சின்னதாக ஒரு தொகுப்பு. இதற்குப் பெயர் ஈ.பி. ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ பார்த்ததுதான். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றுகிற ஏழு அங்குல ரெக்கார்டில், பக்கத்துக்கு இரண்டாக நாலு சினிமாப் பாட்டு போட்டு எச்.எம்.வி. விற்றதே, அதுவும் ஈ.பி.தான். ரெக்கார்டு போனது, பெயர் மிஞ்சியது. இன்றைக்குப் புதிதாக வருகிற இசைக்காரர்களுக்கு ஈ.பி. என்பது சாம்பிள் பீஸ். முழு ஆல்பத்துக்குக் காசு இல்லாதவன் முதலில் நாலு பாட்டைத் தைத்துக் காட்டுகிறான்.

அந்தப் பையனின் நெஞ்சில் இருந்த கிரீன் டேயும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். 1989-ல் நாலே பாட்டு. ‘1,000 ஹவர்ஸ்’ என்று ஒரு ஈ.பி. அப்போது அவர்கள் இவனைவிடச் சின்னப் பையன்கள். அந்த சாம்பிளைக் கேட்க அங்கே ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. ஐந்து வருஷம் கழித்து, 1994-ல், ‘டூக்கி’ ஆல்பம் உலகம் முழுக்க விற்றது. வேகமான கிடார், சுலபமாகக் கூடப் பாடக்கூடிய மெட்டு, சின்ன ஊரின் சலிப்பும் கோபமும். பாப்-பங்க் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சின்ன ஊரின் சலிப்பைப் பற்றிப் பாட குண்டடத்துப் பையனுக்கு இல்லாத தகுதியா?

நம் ஊரில் சாம்பிளே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னையின் ‘தி எஃப்16ஸ்’ 2019-லும் 2021-லும் ஈ.பி. போட்டார்கள். இங்கிலீஷில் பாடுகிற அவர்களை எத்தனை சென்னைவாசிகளுக்குத் தெரியும்? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்து சாதியைக் கேள்வி கேட்டன. எந்த ஹீரோவும் அதற்கு வாயசைக்கவில்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? தனியாகப் பாட்டுப் போடுகிறவனை, சினிமா வாய்ப்புக்கு விண்ணப்பம் போட்டவனாகவே பார்க்கிறோம். கோயமுத்தூரிலிருந்து வந்த ஹிப்ஹாப் தமிழா 2012-ல் சொந்த ஆல்பம் போட்டார். சினிமாவுக்குப் போனார். சாய் அபயங்கர் 2024-ல் ‘கட்சி சேர’ போட்டார். சினிமா அழைத்துக்கொண்டது. போனது தப்பில்லை. ‘அப்பாடா, பையன் செட்டில் ஆயிட்டான்’ என்று நாம் பெருமூச்சு விடுகிறோமே, அதுதான் தப்பு.

அடுத்தது கூலி. 2021-ல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைக் கேட்காத தமிழன் இல்லை. மூன்று வருஷம் கழித்து, அதிலிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே அந்தக் கதி. சின்னப் பையன்களுக்கு? 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி. ஒரு பாட்டு கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதன் ஒலிப்பதிவுக்கு ராயல்டி. 999 என்றால் பூஜ்யம்.

ஒரு பனியன் கம்பெனியில், ஆயிரம் பீஸ் தைத்தால்தான் கூலி, 999 தைத்தவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொன்னால் என்ன ஆகும்? பஞ்சப்படிக்காக 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர். சும்மா விடுவார்களா? பாட்டுக்காரனுக்கு நடந்தால் மட்டும் நமக்கு அது ‘ஆப்’பின் விதி.

அந்த ஆயிரத்தை நிரப்புகிறவர்கள் நீங்களும் நானும்தான். அடுத்து என்ன கேட்பது என்பதை ஆப் முடிவு செய்யட்டும் என்று விட்டால், அது ஏற்கனவே கோடிப் பேர் கேட்டதைத்தான் திரும்பத் திரும்ப ஊட்டும்.

“இந்தப் பசங்க பாட்டு பாதி நல்லாவே இருக்காதே சார்” என்பீர்கள். சரி, இருக்காது. சாம்பிள் என்றால் நாலு ரிஜெக்ட் ஆகத்தான் செய்யும். ஆனால் எந்த பையரும் சாம்பிளைப் பிரித்துப் பார்க்காமல் ரிஜெக்ட் செய்வதில்லை. நாம் பார்சலையே பிரிப்பதில்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை என்ன படம் ரிலீஸ் என்று உங்களுக்குத் தெரியும். 2015 முதல் உலகம் முழுக்கப் புதுப் பாட்டுகள் வெளியாகிற நாளும் வெள்ளிக்கிழமைதான். வாரம் ஒரு ஈ.பி. தேடிக் கேளுங்கள். பதினைந்து இருபது நிமிஷம், ஒரு டீ, இரண்டு வடை நேரம். பிடித்தால் பெயரைத் தட்டிப் பின்தொடருங்கள், நாலு பேருக்கு அனுப்புங்கள், கச்சேரிக்கு டிக்கெட் வாங்குங்கள். ஊர் நோம்பிக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்கிற கமிட்டிக்காரர்களே, இருபது சினிமாப் பாட்டுக்கு நடுவே உள்ளூர்ப் பசங்களின் சொந்தப் பாட்டு ஒன்றுக்கு இடம் கொடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

உலகத்து பேண்டுகளின் டி-ஷர்ட்டையெல்லாம் தைத்து அனுப்புகிற சீமை இது. நம் பையன்களின் பேண்டு பெயரை அச்சடித்து ஒரு டி-ஷர்ட்கூட நாம் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.

குண்டடத்துத் தம்பி, இதைப் படித்தால் அந்த மீதி மூன்று பாட்டையும் அனுப்பி வை. எந்தப் படம் என்று இனிமேல் கேட்கமாட்டேன். உன் பெயரைக் கேட்பேன். அன்றைக்கு அதையும் கேட்க மறந்துவிட்டேன்.